வீதி யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதத்தில் ஒரு நாட் காலை வெள்ளவத்தையிலே, காலி வீதியோரத்துப் பஸ் தரிப்பிடமொன்றில் என் பேரனுடன் காத்து நின்றேன். பாடசாலைக்கும் கந்தோருக்கும் மக்கள் விரையும் வேளை அது. முதுகிலே புத்தகச் சுமையுடன் மாணவர் சிலர், வேலைக்குப் புறப்பட்ட பெண்கள் சிலர், கையிலே கிளினிக் கொப்பியைப் பத்திரமாகப் பற்றியபடி ஒரு முதிய அம்மையார் என, எங்களுடன் இருபது பேர் வரையில் நின்றனர்.

தூரத்திலே இரண்டு பஸ் வண்டிகள் தோன்றின. ஒன்றையொன்று முந்த முயன்றுகொண்டு, ஹோர்னை அலறவிட்டபடி அவை வந்தன. முன்னே வந்த வண்டி தரிப்பிடத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் வேகத்தைத் தணித்தது. இளைஞர் சிலர் ஓடிச் சென்று தொற்றிக்கொண்டனர். அந்த அம்மையார் நாலடி எடுத்து வைக்குமுன் வண்டி புறப்பட்டுவிட்டது. பின்னே வந்த வண்டியோ நிற்கவேயில்லை. முன்னதை முந்திக்கொண்டு அடுத்த தரிப்பிடத்தை நோக்கிப் பறந்தது.

“ஏன் அப்பப்பா, அந்த அம்மம்மாவை ஏத்தாமப் போகினம்? அவவும் காசு குடுப்பாதானே?” என்று கேட்டான் பேரன்.

சாரதி பொல்லாதவன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த விடை என் மனத்துக்கே ஒப்பவில்லை. அச்சாரதிக்கும் வீட்டிலே ஒரு தாய் இருப்பாள். அன்றைய வசூலிலிருந்து உரிமையாளருக்குரியதையும் எரிபொருட் செலவையும் ஒதுக்கியபின் மிஞ்சுவதிலேதான் அவனுக்கும் நடத்துநருக்கும் கூலி. தள்ளாத ஒருவரை ஏற்றுவதற்கு அவன் செலவிடும் அரை நிமிடத்தில், அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் பத்துப் பேரை மற்ற வண்டி அள்ளிக்கொண்டு போய்விடும். இரக்கம் காட்டினால் நட்டம் என்ற ஏற்பாட்டுக்குள் ஒரு மனிதனை நிறுத்திவிட்டு, அவன் இரக்கமில்லாதவன் என்று ஏசுவது எவ்வாறு பொருந்தும்?

இதே கேள்வி உலகத்தின் மறு கோடியிலுள்ள ஒரு நகரத்திலும் எழுந்தது. அந்நகரத்தார் அதற்கு ஒரு விடை கண்டனர். அவ்விடையால் அவர்கள் அடைந்த வெற்றியும் உண்டு. பின்னர் பட்ட அவதியும் உண்டு. அந்தக் கதையை அன்று பின்னேரம் பேரனுக்குச் சொன்னேன். வாசகர்களுடனும் அதனைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

மேகத்தருகே ஒரு தலைநகரம்

தென்னமெரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையிலே கொலம்பியா என்னும் நாடு உள்ளது. அதன் தலைநகர் பொகோட்டா. 1538ஆம் ஆண்டில் ஸ்பானியர் நிறுவிய இந்நகரம், அந்தீஸ் மலைத்தொடரின் மேட்டுநிலத்திலே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,600 மீற்றர் உயரத்தில் அமைந்திருக்கின்றது. நம் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உச்சியே 2,524 மீற்றர்தான் என்பதை நினைத்தால் அதன் உயரம் விளங்கும். இன்று அங்கே எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

செல்வர் பெரும்பாலும் நகரின் வடபுறத்தில் வாழ்கின்றனர். ஏழைகள் தெற்கிலும் தெற்கு மலைச்சரிவுகளிலும் வாழ்கின்றனர். நாட்டிலே பல தசாப்தங்களாக நடந்த உள்நாட்டுப் போரினால் ஊரையும் காணியையும் இழந்து ஓடிவந்தோர் பலர் அச்சரிவுகளிலேதான் குடில் அமைத்துக்கொண்டனர். இடம்பெயர்தல் என்றால் என்னவென்று நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வேலை ஓரிடத்தில், வீடு வேறிடத்தில். இரண்டுக்குமிடையே நாள்தோறும் நெடும் பயணம். ஏழைக்குப் போக்குவரத்து என்பது பிழைப்போடு பிணைந்த காரியம் ஆயிற்று.

பொகோட்டாவிலும் ஒரு காலத்தில் டிராம் வண்டிகள் ஓடின. 1884இல் கோவேறு கழுதைகள் இழுத்துச் சென்ற அவ்வண்டிகள், பின்னர் மின்சாரத்தால் இயங்கின. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி மக்கள் தலைவராகிய ஹோர்ஹே எலியேசர் கைத்தான் நடுத்தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்டபோது மூண்ட பெருங் கலவரத்தில் டிராம் வண்டிகள் பல தீக்கிரையாயின. 1951இல் டிராம் சேவை முற்றாக நின்றது. கொழும்பிலும் 1899இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டிகள் 1960இல் மறைந்தன. அவற்றின் இடத்தை நிரப்ப 1953இல் வந்த டிரொலி பஸ்களும் 1964உடன் நின்றன. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த நகரங்கள் உலகெங்கும் பல. இடம் பஸ்ஸுக்கும் காருக்கும் என்று ஆயிற்று.

சதத்துக்கான போர்

டிராம் மறைந்தபின் பொகோட்டா நகரத்துப் பயணிகளைச் சுமக்கும் பொறுப்பு பெரும்பாலும் தனியார் பஸ்களிடம் வந்து சேர்ந்தது. 1990களின் இறுதியில் அத்தகைய பஸ்கள் 20,000க்கு மேல் ஓடின. அவற்றின் ஏற்பாடு விந்தையானது. வழித்தட அனுமதி கம்பனியிடம் இருந்தது. பஸ்ஸோ வேறொருவருக்குச் சொந்தம். பஸ் உரிமையாளர் தம் வண்டியைக் கம்பனியோடு சேர்த்துக்கொள்வதற்குப் பணம் செலுத்தினார். சாரதிக்கு மாதச் சம்பளம் கிடையாது; ஏற்றிய பயணிகளின் தொகைக்கேற்பவே கூலி.

ஆகவே ஒவ்வொரு பயணியும் ஒரு பரிசாகவும், ஒவ்வொரு வண்டியும் ஒரு பகையாகவும் மாறின. வீதியின் நடுவிலேயே நிறுத்தி ஆளேற்றுவர்; பின்வரும் வண்டிக்கு வழி விடார்; ஒருநாளிற் பதினான்கு, பதினாறு மணி நேரம் சுக்கானை விட்டு இறங்கார். பழைய வண்டிகள் கக்கிய கரும்புகை மலைகள் சூழ்ந்த நகரத்தின்மேல் கவிந்து நின்றது. பொகோட்டா மக்கள் இதற்கு இட்ட பெயர் சதத்துக்கான போர் என்பது. அந்நாட்டிலும் காசின் நூறிலொரு பங்குக்குச் சதம் என்றே பொருள்படும் பெயருண்டு.

இப்போர் நமக்கும் புதிதன்று. அந்நாளில் இலங்கையில் தனியார் பஸ் கம்பனிகள் நடத்திய போட்டிகளைப் பற்றி நம் பாட்டன்மார் கதை கதையாய்ச் சொல்வர். 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அக்கம்பனிகளை அரசு பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கியது. 1970களின் இறுதியில் தனியாருக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அதன்பின் வண்டிகள் பெருகின. பழைய போட்டியும் அவற்றுடன் ஏறிவந்துவிட்டது.

சிறு கணக்கு ஒன்று

மாணவ வாசகர்கள் இவ்விடத்தில் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். அறுபது பேர் ஒரே திசையிற் செல்லவேண்டும். அவர்கள் யாவரும் பஸ்ஸில் ஏறினால் ஒரு பஸ் போதும். அதன் நீளம் பன்னிரண்டு மீற்றர். கார்களிற் சென்றால், இரண்டு காருக்கு மூன்று பேர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், நாற்பது கார்கள் வேண்டும். ஒரு காருக்கும் அதன் முன்னுள்ள இடைவெளிக்குமாக ஏழு மீற்றர் வீதம் கணக்கிட்டால், நாற்பது கார்களின் வரிசை 280 மீற்றர் நீளும். அசையாமல் நிற்கும்போதே இவ்வளவு. ஓடத் தொடங்கினால் இடைவெளி இன்னும் கூடும்.

இனி, வீதியில் நெரிசல் ஏற்பட்டதும் யாருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அறுபது பேரைக் கொண்ட பஸ்ஸுக்கு, ஒருவர் மட்டும் செல்லும் காரைப்போல் அறுபது மடங்கு வழியுரிமை உண்டு என்று சொல்வதில் என்ன பிழை? ஆயினும் நடைமுறையில் அந்தப் பஸ் கார்களின் நடுவே அகப்பட்டுத் தவிக்கின்றது. இடத்தைப் பெரிதாக அடைத்துக்கொள்பவர் சிலர். காலத்தை இழப்பவர் பலர். வீதி நெரிசல் என்று நாம் பொதுவாகச் சொல்வது, கூர்ந்து நோக்கினால், பங்கீட்டில் நேர்ந்த அநீதியே ஆகும்.

இந்த உண்மையைக் கண்ணாற் கண்டுகொள்ள பொகோட்டா மக்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவியது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆந் திகதி, சைக்கிளிற் பற்றுள்ள இளைஞர் சிலர் நகரத்தின் முக்கிய வீதிகள் இரண்டைச் சில மணி நேரம் மோட்டார் வாகனங்கள் இல்லாமல் திறந்துவிடுமாறு கேட்டுப் பெற்றனர். ஆயிரக்கணக்கானோர் சைக்கிள்களுடன் திரண்டனர். அன்று முளைத்த அவ்வழக்கம் சிக்லோவியா என்ற பெயருடன் இன்றும் நடைபெறுகின்றது. ஞாயிறு தோறும் விடுமுறை நாள் தோறும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 120 கிலோமீற்றருக்குக் குறையாத வீதிகள் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. இலட்சக்கணக்கான மக்கள் அவ்வீதிகளில் நடக்கின்றனர்; ஓடுகின்றனர்; குழந்தைகளுக்குச் சைக்கிள் பழக்குகின்றனர். பெரிய வீட்டுப் பிள்ளையும் வேலைக்காரியின் பிள்ளையும் ஒரே தாரின்மேல் உருண்டு செல்லும் காட்சியை வாரந்தோறும் காணும் மக்களுக்கு, வீதி காருக்கென்றே பிறந்தது என்ற எண்ணம் மெல்ல மெல்லக் கலைந்தது.

இரண்டு மேயர்கள்

1995இல் பொகோட்டா நகரத்துக்கு அந்தானாஸ் மொக்குஸ் என்பவர் மேயரானார். கணிதமும் தத்துவமும் கற்ற பேராசிரியர் அவர். சட்டத்தை மதியாத சாரதிகளையும் பாதசாரிகளையும் திருத்துவதற்கு அவர் அனுப்பியவர்கள் யார் தெரியுமா? முகத்திலே வெள்ளை பூசிய ஊமை நாடகக்காரர்! மஞ்சட் கோட்டைத் தாண்டி நிற்கும் காரின் முன் அவர்கள் வந்து, வாய் பேசாமல் அபிநயம் பிடித்துக் கேலி செய்வர். சுற்றி நிற்போர் சிரிப்பர். தண்டப் பணத்துக்கு அஞ்சாதவன் ஊராரின் சிரிப்புக்கு அஞ்சினான். வீதியில் மற்றவனும் ஒரு மனிதன் என்ற நினைவை இந்த விளையாட்டு ஊட்டியது.

1998இல் பதவியேற்றவர் என்றிக்கே பெனியலோசா. நகரத்துக்கு உயர்மட்டப் பெருவீதிகள் கட்டவேண்டும் என்ற ஆலோசனை அவர் முன் இருந்தது. தூண்களின்மேல் வீதி அமைத்தால் கார்கள் விரைந்து செல்லும் என்பது அதன் கருத்து. பெனியலோசா அதனை ஏற்கவில்லை. நகரத்தாரில் கார் வைத்திருப்போர் சிறு பகுதியினர். அவர்களுடைய வசதிக்காக எல்லோருடைய பணத்தையும் செலவிடுவது நீதியாகுமா என்று அவர் கேட்டார். முப்பது டொலர்ச் சைக்கிளிற் செல்பவனும் முப்பதாயிரம் டொலர்க் காரிற் செல்பவனும் குடியுரிமையிற் சமமானவர்கள் என்பதைச் சைக்கிட் பாதை எடுத்துக்காட்டுகின்றது என்பது அவர் பல மேடைகளிலும் வலியுறுத்திய கருத்து.

நடைபாதைகளின்மேல் கார்களை நிறுத்தும் வழக்கத்தை அவர் கட்டைகள் நட்டுத் தடுத்தார். கடைக்காரரும் கார்க்காரரும் கொதித்தெழுந்து, அவரைப் பதவியிலிருந்து இறக்கவும் முயன்றனர். நெரிசல் மிக்க வேளைகளில் இலக்கத் தகட்டின் கடைசி எண்ணைக் கொண்டு சில கார்களை முறைவைத்து விலக்கும் விதியையும் 1998இல் கொண்டுவந்தார். சைக்கிளுக்கெனத் தனிப் பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு அமைந்தன. ஏழைகள் வாழும் தென்மேற்குப் புறத்திலே எல் போர்வெனீர் என்னும் நெடும் பாதையொன்று போடப்பட்டது. அங்கே கார் செல்லும் தெருக்கள் பல சேறாகக் கிடந்த காலத்திலே, நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் மட்டும் செப்பமான தளம் இடப்பட்டது. முதலில் யாருக்கு என்ற கேள்விக்கு அப்பாதையே விடையாக அமைந்தது.

2000ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி, வேலை நாளான வியாழக்கிழமையன்று, நகரம் முழுவதிலும் தனியார் கார்கள் ஓடாத ஒரு நாள் கடைப்பிடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அத்தகைய ஒரு நாள் வேண்டுமா என்று அவ்வாண்டு ஒக்டோபரில் மக்களிடமே வாக்குக் கேட்டனர். பெரும்பான்மையோர் வேண்டும் என்றனர்.

செந்நிற வண்டியின் இரகசியம்

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் டிரான்ஸ்மிலேனியோ என்னும் புதிய பஸ் சேவை தொடங்கியது. பிரேசில் நாட்டுக் குரித்தீபா நகரம் 1974 முதல் பஸ்ஸுக்கெனத் தனித் தடம் வகுத்து நடத்திவந்த முறையைப் பொகோட்டா விரிவாக்கிக்கொண்டது. வீதியின் நடுவே பஸ்ஸுக்கு மட்டுமான தடம். அத்தடத்தில் கார் நுழைய முடியாது. தரிப்பிடமோ ஒரு சிறு புகையிரத நிலையம் போன்றது. உள்ளே நுழையும்போதே ரிக்கற் பெற்றுவிட வேண்டும். மேடையின் மட்டமும் பஸ் தளத்தின் மட்டமும் ஒன்று. ஆதலால் படியேறும் தொல்லை இல்லை. கதவுகள் யாவும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவரும், பிள்ளைத் தாய்ச்சியும், கோலூன்றிய முதியவரும் மற்றவரைப் போலவே உட்செல்லலாம். நடுவில் மடியும் செந்நிற வண்டி ஒவ்வொன்றும் 160 பேரை ஏற்றுகின்றது. புறநகர்ச் சேரிகளிலிருந்து பச்சை நிறச் சிறு பஸ்கள் மக்களை முனைய நிலையங்களுக்கு மேலதிகக் கட்டணமின்றிக் கொண்டுவந்து சேர்த்தன.

தனித் தடம், உயர்ந்த மேடை இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். என் பேரனின் கேள்விக்குரிய விடையோ கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தில் இருந்தது. பயணிகள் கொடுத்த காசு பஸ்காரரின் கைக்குப் போகாமல் ஒரு பொது நிதியத்துக்குச் சென்றது. கம்பனிகளுக்கு, ஏற்றிய ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல், ஓடிய கிலோமீற்றருக்கு இவ்வளவு என்ற அடிப்படையிலே பணம் கொடுக்கப்பட்டது. சாரதிக்கு மாதச் சம்பளமும் வேலை நேர வரம்பும் கிடைத்தன. விதி மீறினால் கம்பனிக்குத் தண்டம். அவ்வளவுதான், பந்தயம் ஓடுவதற்குக் காரணம் அற்றுப்போயிற்று. நேற்றுவரை மற்ற வண்டியை முந்தி ஓடிய அதே மனிதன், இன்று நிலையத்தில் நின்று, கதவுகள் மூடியபின் புறப்பட்டான். அவனுக்கு யாரும் நீதி நூல் போதிக்கவில்லை. நல்லவனாய் இருப்பதனால் அவன் பட்ட நட்டத்தை நீக்கினர்.

பலன் விரைவிலே தெரிந்தது. தனித் தடம் சென்ற கராகாஸ் பெருவீதி முன்பு புகைக்கும் விபத்துக்கும் பெயர்போனது. அங்கே வீதி மரணங்கள் பெரிதும் குறைந்தன. பயண நேரமும் குறைந்தது. ஒரு திசையில் மணிக்கு 40,000க்கு மேற்பட்டோரைச் சுமக்கும் ஆற்றல் பஸ்ஸுக்கு உண்டென உலகம் கண்டது. பல நகரங்களில் பாதாள இரயில் சுமக்கும் தொகைக்கு அது குறைந்ததன்று. ஒவ்வொரு புதிய வண்டிக்கும் ஈடாகப் பழைய வண்டிகள் உடைக்கப்பட்டமையால் புகையும் தணிந்தது. 2006இல், கியோட்டோ உடன்படிக்கையின் கீழ், கரியமில வாயுவைக் குறைத்ததற்கு வருமானம் பெறத்தக்க திட்டமாக இது பதிவு செய்யப்பட்டது. நகரப் பெரும் போக்குவரத்துத் திட்டமொன்றுக்கு அத்தகுதி கிடைத்தது அதுவே முதன்முறை.

மாலையில் வாடிய மாலை

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் மங்களம் பாடிவிடலாம். உலகத்துக் காரியங்கள் அப்படி முடிவதில்லை.

2016க்குள் 388 கிலோமீற்றர் நீளத்துக்குத் தனித் தடங்கள் அமைவதாகத் திட்டம். அவ்வாண்டு வந்தபோது அதில் மூன்றிலொரு பங்குகூட நிறைவேறியிருக்கவில்லை. மூன்றாம் கட்ட வேலை ஊழலிற் சிக்கியது. அக்காலத்து மேயரே 2011இல் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டுப் பின்னர் சிறைத் தண்டனைக்கும் ஆளானார். நகரம் வளர்ந்தது, பயணிகள் பெருகினர், தடமும் வண்டியும் அதற்கேற்பப் பெருகவில்லை. மூச்சுவிட இடமில்லாத நெரிசல் ஏற்பட்டது. 2012 மார்ச்சில் இளைஞர் தடங்களை மறித்தனர். நிலையங்கள் பல நொறுக்கப்பட்டன. நெரிசலிலே பெண்கள் பட்ட தொல்லை சொல்லுந் தரமன்று. 2014இல் தொம்சன் ரொயிற்றர்ஸ் நிறுவனம் பதினாறு பெரு நகரங்களைப் பற்றி நடத்திய கருத்தாய்விலே, பெண்களின் பயணத்துக்கு மிகவும் பாதுகாப்புக் குறைந்த நகரமெனப் பொகோட்டாவே குறிக்கப்பட்டது.

ஒரு காலத்தில் மாலை சூடிய நகரம் இவ்வாறு தலைகுனிந்ததற்குக் காரணம் என்ன? வீதியைப் பங்கிடும் நீதி, ஒருமுறை செய்து முடித்துவிடும் தானம் போன்றதன்று. வீட்டுக்கு விளக்கேற்றுவது போல நாள்தோறும் செய்யவேண்டியது. எண்ணெய் வார்ப்பார் இல்லையேல் விளக்கு அணையும். கட்டணமும் ஏழைக்குச் சுமையாயிற்று. வேலை தேடிப் புறப்படுவதற்கே பஸ் காசு இல்லாதவனுக்கு அழகிய நிலையத்தால் ஆவதென்ன? இதனை உணர்ந்தே 2014 முதல் வறிய குடும்பத்தாருக்குச் சலுகைக் கட்டணம் வகுக்கப்பட்டது.

மலையிலிருந்து இறங்கி வந்தோர்

மலைச்சரிவுகளிற் குடியேறிய மக்களை மேலே குறிப்பிட்டேன் அல்லவா? சியுதாத் பொலிவார் என்பது அத்தகைய பகுதி. செங்குத்தான ஒடுங்கிய தெருக்கள். பஸ் ஏறி இறங்குவதற்கே பெரும் பாடு. கீழேயுள்ள நிலையத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரம் வரையிற் செல்லும். விடியுமுன்பே எழுந்து, பிள்ளைகள் உறங்கும்போதே புறப்பட்டு, அவர்கள் மீண்டும் உறங்கியபின் வீடு திரும்பும் தாய்மார் அங்கே பலர்.

2018ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் அச்சரிவுக்குக் கம்பிவட வண்டிகள் வந்தன. டிரான்ஸ்மிகேபிள் என்பது அதன் பெயர். 3 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். பத்துப் பேர் அமரும் சிறு கூடுகள் கம்பியிலே தொங்கியபடி இடைவிடாது வந்துகொண்டிருக்கும். ஒரு மணிப் பயணம் 13 நிமிடமாகச் சுருங்கியது. உல்லாசப் பயணிகள் மலைக்காட்சி பார்க்க ஏறும் ஊர்தியை, வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் மக்களுக்குப் பொதுப் போக்குவரத்தாக்கும் யோசனையை அதே நாட்டின் மெதெயீன் நகரம் 2004இலேயே செய்து காட்டியிருந்தது. சியுதாத் பொலிவாரின் உச்சி நிலையத்தருகே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அதன் பொருள், அம்மக்கள் தம் கையாலே கட்டியெழுப்பிய நகரத்தின் வரலாறு. முன்பு வரைபடத்திலும் இடம்பெறாத மக்கள் அவர்கள்!

நகரம் அதன்பின்னும் ஓய்ந்திருக்கவில்லை. 2020இல் கொரோனா நோய் பரவியபோது, நெரிசலைத் தவிர்ப்பதற்காகக் கார்த் தடங்கள் சில ஒரே வாரத்திற் சைக்கிளுக்கு ஒதுக்கப்பட்டன. அப்போது மேயராயிருந்த குளோதியா லோப்பெஸ், அப்பதவிக்குத் தேர்தல் மூலம் வந்த முதற் பெண்மணி. மின்சார பஸ்கள் 2022இன் இறுதியில் ஏறத்தாழ 1,500 ஆயின. அவ்வாண்டிலேயே நகராட்சிக்கே உரிய பஸ் நிறுவனமொன்றும் தொடங்கப்பட்டது. அதன் சாரதிகளிற் பலர் பெண்கள். பல தசாப்தங்களாகப் பேசப்பட்டுவந்த மெற்றோ இரயிற் பாதையின் வேலையும் நடைபெறுகின்றது.

பேரனின் மறு கேள்வி

பொகோட்டா வேறு, கொழும்பு வேறு. அவர்களுடைய தடத்தை அப்படியே தூக்கிவந்து காலி வீதியில் வைக்க முடியாது. கண்டியின் ஒடுங்கிய தெருக்களுக்கோ யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகளுக்கோ அது பொருந்தவும் மாட்டாது. சைக்கிள் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டிய பாடமுமன்று. 2022இல் பெற்றோல் இன்றி நாடு தவித்தபோது, கொழும்பிலும் மூலையிற் கிடந்த சைக்கிள்களைத் துடைத்தெடுத்துக் கந்தோருக்குப் புறப்பட்டவர் எத்தனை பேர்! வரிசையில் நின்ற அந்நாட்களில், கார் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வீதியில் வியர்வை சிந்தினோம். பெற்றோல் வந்ததும் அந்த நினைவும் ஆவியாகப் போய்விட்டது.

எடுத்துக்கொள்ளத் தக்கது அவர்கள் கேட்ட கேள்விதான். வீதியை அகலமாக்குவதா, மேம்பாலம் கட்டுவதா என்று வாதாடுமுன், இவ்வீதியால் எத்தனை மனிதர் செல்கின்றனர் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்களுள் மிக மெதுவாக நடப்பவர் யார்? கடவையிற் கால் வைக்க அஞ்சுபவர் யார்? மாலை இருட்டில் தனியே நிற்கும் பெண் என்ன செய்வாள்? இவற்றுக்கு விடை சொல்லும் வீதியே நல்ல வீதி. அதற்குக் கோடிக்கணக்கில் எப்போதும் செலவு வேண்டும் என்பதுமில்லை. நடைபாதையை நடப்பவருக்கே விடுவதற்கும், தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்துவதற்கும், உழைப்பவனுக்குப் பந்தயமின்றிக் கூலி கொடுப்பதற்கும் மலையைக் குடைய வேண்டியதில்லை.

அன்று காலை அந்த அம்மையார் மூன்றாவதாக வந்த வண்டியிலேதான் ஏறினார். பேரன் அவருடைய பையை வாங்கி வைத்திருந்து, அவர் படியேறியபின் நீட்டினான். அம்மையார் அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார். கிளினிக்கில் அவருடைய இலக்கம் எப்போதோ தவறியிருக்கும்.

பின்னேரம் நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டபின் பேரன் சற்று நேரம் யோசித்தான். பிறகு, “அப்ப, அந்த டிரைவருக்கும் மாதச் சம்பளம் குடுத்தா அவர் நிப்பாரோ அப்பப்பா?” என்றான்.

“நிற்பார் என்றுதான் நினைக்கிறேன் தம்பி.”

“அப்ப ஏன் இன்னும் குடுக்கேல்ல?”

பொகோட்டாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய எனக்கு, இதற்குச் சொல்ல விடை இருக்கவில்லை. விடை சொல்லவேண்டியவர் நான் ஒருவன் மட்டுமல்லன். காரில் செல்லும் அன்பரும், பஸ்ஸிற் தொங்கும் அன்பரும், வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் பெரியோரும் கூடியே சொல்லவேண்டும். அவனும் அவனுடைய தோழர்களும் வளர்ந்து அந்தத் தரிப்பிடத்தில் முதியவராய் நிற்கும் நாள் வருமுன், அந்த விடையை நாம் தேடிக்கொடுப்போமாக.